மழைக்கு வாங்குங்கள்: விறுவிறுப்பான காருக்குப் புது டயர்

திருச்சி தென்னூரில் காலை ஏழு மணிக்குக் கிளம்பி, பாலக்கரை வழியாக டி.வி.எஸ். டோல்கேட் வந்து, பால்பண்ணையில் தஞ்சாவூர் சாலையைப் பிடித்து, காட்டூர், திருவெறும்பூர் தாண்டித் துவாக்குடி போகிறவர் போக வர ஏறக்குறைய நாற்பத்தைந்து கிலோமீட்டர் ஓட்டுகிறார். மாதத்துக்கு இருபத்தைந்து வேலை நாள் என்றால் 1,125 கிலோமீட்டர். ஆண்டுக்கு 13,500. டயர் கடைக்குள் நுழையும் முன்பே உங்கள் ஓட்டத்துக்கு இப்படி ஒரு கணக்குப் போட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் கேட்கப்போகும் பாதிக் கேள்விகளுக்கு இதில் பதில் இருக்கிறது.

சின்ன கார்தான் வேண்டும், ஆனால் அது துடிப்பாக ஓட வேண்டும் என்று ஆசைப்பட்டு வாங்கியவர்களுக்காக இந்த அத்தியாயம். ஹூண்டாய் ஐ20 என் லைன் நல்ல உதாரணம். 2021 செப்டம்பரில் விற்பனைக்கு வந்தது. நம் இருங்காட்டுக்கோட்டை ஆலையில் செய்யப்படுவது. ஒரு லிட்டர் டர்போ எஞ்சின், 120 குதிரைத்திறன், பின்சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், சாதாரண ஐ20-ஐவிட இறுக்கமான சஸ்பென்ஷன். டயர் அளவு 195/55 ஆர்16. 2022-இல் உற்பத்தி நின்றுபோன ஃபோக்ஸ்வாகன் போலோவை இன்னும் கண்ணும் கருத்துமாக வைத்திருப்பவர்கள் தில்லைநகரிலும் ஸ்ரீரங்கத்திலும் உண்டு. ஸ்விஃப்ட் வைத்திருப்பவர்களைச் சொல்லவே வேண்டாம். இவற்றில் பல வண்டிகளுக்குக் கம்பெனி டயர் தேய்ந்து, முதல் தடவையாகப் புது டயர் போடும் காலம் வந்துவிட்டது.

அந்த முதல் தடவையில்தான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். நானும் செய்தேன். முதல் காருக்கு டயர் மாற்றும்போது, "எது சார் நிறைய கிலோமீட்டர் வரும்?" என்பதைத் தவிர எதையும் கேட்கவில்லை. கடைக்காரர் காட்டிய டயரையே போட்டேன். கோடையில் ஒரு குறையும் தெரியவில்லை. ஐப்பசியில் ஒருநாள் சாயங்காலம், அரியமங்கலம் அருகே முன்னால் போன லாரி திடீரென்று வேகம் குறைத்தது. பிரேக்கை மிதித்தேன். ஏ.பி.எஸ். கடகடவென்று உதைத்தது, வண்டி மட்டும் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. லாரியின் பின்பக்கத்துக்கும் என் பம்பருக்கும் நடுவே ஒரு முழம் மிச்சம் இருந்தபோது நின்றது. பிரேக்கில் குறை இல்லை. டயரிலும் பட்டன், அதாவது சாலையில் படும் பள்ளமேடு, நன்றாகவே இருந்தது. ரப்பர்தான் ஈரத்தைப் பிடிக்கவில்லை.

காய்ந்த தாரில் ஓரளவு நல்ல டயர்கள் எல்லாம் ஒன்றுபோலவே நடந்துகொள்ளும். திருச்சியில் ஆண்டின் பெரும்பகுதி காய்ந்த நாள்கள்தான். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையிலும், அதைவிட மோசமாக, சித்திரை வைகாசியில் திடீரென்று கொட்டும் கோடை மழையின் முதல் பத்து நிமிடத்திலும் டயர்களின் வித்தியாசம் வெளியே வந்துவிடும். பல வாரங்களாகச் சாலையில் படிந்த எண்ணெயும் ரப்பர் தூளும் புழுதியும் அந்த முதல் தூறலில் குழம்பி வழுக்கும். ஆகவே என் தீர்ப்பை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: ஈரப்பிடிப்புக்குப் பணம் கொடுங்கள். அகலத்துக்கும், அழகுக்கும், எண்பதாயிரம் கிலோமீட்டர் என்ற வாக்குறுதிக்கும் கொடுக்காதீர்கள்.

இப்போது அந்த 13,500-க்கு வருவோம். கொஞ்சம் மென்மையான, ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும் டயர் நாற்பதாயிரம் கிலோமீட்டர் வரும் என்று வைத்துக்கொண்டால் உங்களுக்கு மூன்று ஆண்டு வரும். நீடித்து உழைப்பதற்கென்றே கடினமான ரப்பரில் செய்த டயர் எழுபதாயிரம் வருகிறது என்றால் அது ஐந்து ஆண்டுக்கு மேல். அந்த ஐந்து கோடையும் அது எங்கே நின்றது? பகல் முழுக்கத் தொழிற்சாலை வாசலில், நாற்பது டிகிரி தாண்டும் வெயிலில். வெயிலும் வெப்பமும் காற்றில் உள்ள ஓசோனும் ரப்பரை இறுக்கிக்கொண்டே போகும். பக்கச்சுவரில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றும். முதலிலேயே கடினமாக இருந்த டயர், கடைசி இரண்டு ஆண்டில் பட்டன் இருந்தும் பயனில்லாத டயராகிவிடும். டாக்சி ஓட்டுகிறவர் ஓராண்டிலேயே எழுபதாயிரத்தைத் தொட்டுவிடுவார். அவருக்கு அந்த டயர் சரி. நமக்குச் சரிவராது.

எந்த டயர் எந்த ரகம் என்பதை ஓரளவு பெயரை வைத்தே அறியலாம். அப்பல்லோவின் அமேசர் 4ஜி லைஃப், சியட்டின் மைலேஸ் எக்ஸ்3 ஆகியவை நீடித்த உழைப்பை முன்வைத்து விற்கப்படுபவை. அப்பல்லோவின் அல்நாக் வரிசை, சியட்டின் செக்யூராடிரைவ், எம்.ஆர்.எஃப்.-இன் பெர்ஃபின்சா, யோகஹாமாவின் எர்த்-1, மிஷெலினின் பிரைமசி 4 எஸ்டி, கான்டினென்டலின் அல்ட்ராகான்டாக்ட் ஆகியவை பிடிப்புக்கும் சுகத்துக்கும் நடுவே வேறுவேறு இடங்களில் நிற்பவை. நெதர்லாந்தின் விரெட்ஸ்டைன் நிறுவனத்தை அப்பல்லோ 2009-இல் வாங்கியது. அந்தப் பெயரில் 2021-இல் இங்கேயும் கார் டயர் விற்கத் தொடங்கியது. உங்கள் அளவில் இவற்றில் எது கிடைக்கிறது என்பது தனிக் கேள்வி. 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதிக்கு உரிமம் கட்டாயம் என்று ஆக்கிய பிறகு, வெளிநாட்டில் செய்து வரும் டயர்கள் சில அளவுகளில் கடையில் தட்டுப்படுவதே அரிதாகிவிட்டது. கேட்ட டயர் இல்லை என்றால் அதற்காகப் பழைய சரக்கைத் தேடி அலையாதீர்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு செய்தி. சென்னை நெடுஞ்சாலையில் பெரம்பலூரைத் தொட்டு நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். ஆலை இருக்கிறது. 1946-இல் திருவொற்றியூரில் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை பலூன் செய்யத் தொடங்கிய கொட்டகையிலிருந்து வளர்ந்த நிறுவனம் அது. அப்பல்லோ ஒரகடத்திலும், சியட்டும் ஜே.கே.யும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்திலும் டயர் செய்கின்றன. நாட்டிலேயே டயர் தொழில் செழித்த மாநிலத்தில் இருந்துகொண்டு, பழைய டயரைப் புதியது என்று நம்பி வாங்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

பக்கச்சுவரைப் படித்தல்

குனிந்து டயரின் பக்கச்சுவரைப் பாருங்கள். 195/55 ஆர்16 87வி என்று இருக்கிறது என்று வையுங்கள். 195 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 55 என்றால் பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 55 சதவீதம். அதாவது 107 மில்லிமீட்டர். ஆர் என்பது ரேடியல். 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 87 என்ற எண் ஒரு டயர் 545 கிலோ தாங்கும் என்பதற்கான குறியீடு. வி என்றால் மணிக்கு 240 கிலோமீட்டர் வரை தாங்கும். ஹெச் என்றால் 210, டி என்றால் 190.

"நம்ம ஊர்ல யாரு சார் 240-ல போறா?" என்று கடையில் கேட்பார்கள். போவதில்லைதான். ஆனால் அந்த எழுத்து டயர் எவ்வளவு வெப்பத்தைத் தாங்கும் என்பதற்கும் சான்று. வைகாசி வெயிலில் நான்கு பேரும் பெட்டிகளுமாக மதுரைச் சாலையில் விராலிமலை தாண்டிப் போகும்போது டயர் படும் பாடு அதிகம். காரின் கதவுச் சட்டத்தில் உள்ள ஸ்டிக்கரோ, கையேடோ சொல்லும் எண்ணுக்கும் எழுத்துக்கும் குறைவாக ஒருபோதும் போடாதீர்கள். கூடுதலாக இருந்தால் பாதகமில்லை.

அடுத்து, அதே பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாவது வாரத்தில் செய்தது. பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே இது முழுதாக இருக்கும். பூட்டிய பிறகு அந்தப் பக்கம் உள்ளே போய்விட்டால் தெரியாது. எனக்கு ஒரு தடவை அப்படி நடந்தது. அலைன்மென்டுக்கு வண்டியைத் தூக்கியபோதுதான் இரண்டு டயர் மற்ற இரண்டைவிட இரண்டு வருஷம் மூத்தவை என்று தெரிந்தது. அதனால், ரிம்மில் ஏற்றும் முன்பே நான்கையும் தரையில் படுக்கவைத்து எண்ணைப் படியுங்கள். ஆறு மாதத்துக்குள் செய்தது என்றால் தயங்காமல் வாங்கலாம். ஓராண்டு தாண்டியது என்றால் வேறு கேளுங்கள். "அண்ணே, தேதி பார்த்துத்தான் எடுப்பேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் கடைக்காரருக்கும் சங்கடமில்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதன் அருகில் ஐ.எஸ். 15633 என்ற எண்ணும் இருக்க வேண்டும். கார் டயருக்கான இந்தியத் தரம் அதுதான்.

உருளும்போது ஏற்படும் தடையும் ஈரப்பிடிப்பும் இரைச்சலும் சோதிக்கப்பட வேண்டும் என்று சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022-இல் ஏ.ஐ.எஸ். 142 தரத்தைக் கட்டாயமாக்கும் விதியை அறிவித்தது. எரிசக்தித் திறன் செயலகத்தின் நட்சத்திரக் குறியும் சில டயர்களில் உண்டு. அந்த நட்சத்திரம் எரிபொருள் மிச்சத்தைச் சொல்வது. ஐந்து நட்சத்திரம் பார்த்ததும் மழைக்கும் நல்லது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அகலம் கூட்டலாமா?

விறுவிறுப்பான கார் வைத்திருப்பவர் யாரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பியதில்லை. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 195/55 ஆர்16 டயரின் முழு விட்டம் 621 மில்லிமீட்டர். 205/55 ஆர்16 போட்டால் 632. ஏறக்குறைய 1.8 சதவீதம் பெரிது. வேகமானி காட்டுவதைவிட வண்டி சற்று வேகமாகப் போகும், ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது உள்ளே உரசுகிறதா என்றும் பார்க்க வேண்டும். 195/60 ஆர்16 என்றால் வித்தியாசம் மூன்று சதவீதம் தாண்டிவிடும். அது வேண்டாம்.

ஸ்விஃப்டில் வரும் 185/65 ஆர்15 டயரின் விட்டமும் 621 மில்லிமீட்டர்தான். அதனால்தான் பலர் பதினாறு அங்குல அலாய் வாங்கி 195/55 போட்டுக்கொள்கிறார்கள். வேகமானி சரியாகவே இருக்கும். வளைவில் வண்டி இன்னும் கொஞ்சம் சொன்னபடி கேட்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் பக்கச்சுவர் 120 மில்லிமீட்டரிலிருந்து 107 ஆகக் குறைகிறது. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடிய தெருக்களின் விளிம்புகளையும், மழைத் தண்ணீர் மூடிய பள்ளங்களையும் நினைத்துப்பாருங்கள். அந்த 13 மில்லிமீட்டர் ரப்பரும் காற்றும்தான் ரிம் வளையாமல் காத்துக்கொண்டிருந்தன. பள்ளத்தில் இறங்கி அடிபட்ட டயரின் பக்கச்சுவரில் கோலிக்குண்டு அளவுக்கு உப்பல் தெரிந்தால் உள்ளே நூல் அறுந்துவிட்டது என்று பொருள். அந்த டயருக்கு மருத்துவம் கிடையாது. எவ்வளவு புதிது என்றாலும் கழற்றிவிட வேண்டும். பதினேழு அங்குலத்துக்குப் போகிறவர்கள் இந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

என் பரிந்துரை கம்பெனி கொடுத்த அளவிலேயே இருந்து, டயரின் தரத்தை ஒரு படி உயர்த்துவது. அகலமான மட்டமான டயரைவிட அளவான நல்ல டயர் ஈரச் சாலையில் குறைந்த தூரத்தில் நிற்கும். அகலம் கூடினால் தேங்கிய தண்ணீரின்மேல் மிதக்கும் ஆபத்தும் கூடுகிறது.

மிதப்பது எப்படி என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது காற்றோடு சம்பந்தப்பட்டது. 1960களில் அமெரிக்காவின் நாசாவில் வால்டர் ஹார்னும் உடன் பணியாற்றியவர்களும் விமான டயர்களைச் சோதித்து ஒரு கணக்குக் கண்டார்கள். தண்ணீர் தேங்கி, அதைப் பட்டன் வெளியேற்ற முடியாத நிலையில், டயர் எந்த வேகத்தில் தரையைவிட்டு எழும் என்பது அதில் உள்ள காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 33 பி.எஸ்.ஐ. இருந்தால் ஏறக்குறைய மணிக்கு 95 கிலோமீட்டர். 24 ஆகக் குறைந்திருந்தால் 82. காற்றுக் குறைவாக ஓட்டுகிறவர் பதின்மூன்று கிலோமீட்டர் வேகத்தை மழையிடம் விட்டுக்கொடுக்கிறார். பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை சாலையோரம் தண்ணீர் கட்டும் இடங்களில் இது வெறும் கணக்கு இல்லை.

காற்றைக் காலையில் பாருங்கள், வண்டி ஓடும் முன். டயர் சூடேறினால் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஏறத்தாழ ஒன்றரை பி.எஸ்.ஐ. கூடும். மத்தியான வெயிலில் பங்க்கில் பார்த்து, "38 இருக்கு சார்" என்று பையன் காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் விடியற்காலையில் அந்த டயரில் 28-தான் இருக்கும். நைட்ரஜனுக்குத் தனியாகப் பணம் கொடுப்பது உங்கள் விருப்பம். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

வாங்கும்போதும் பூட்டும்போதும்

நான்கையும் ஒன்றாக மாற்ற முடிந்தால் நல்லது. இரண்டுதான் முடியும் என்றால் புதிய இரண்டையும் பின்சக்கரத்தில் போடச் சொல்லுங்கள். முன்சக்கரம் இழுக்கிற கார்தானே, புதுசை முன்னால் போடலாம் என்று கடையில் வாதிடுவார்கள். விடாதீர்கள். முன்சக்கரம் தண்ணீரில் மிதந்தால் வண்டி நேராக வழுக்கும், கால் எடுத்தால் பெரும்பாலும் திரும்பப் பிடித்துவிடும். பின்சக்கரம் மிதந்தால் வண்டி பம்பரமாகத் திரும்பும். சாதாரண ஓட்டுநரால் அதைத் திருத்த முடியாது. உலகின் பெரிய டயர் நிறுவனங்கள் எல்லாம் பின்னால்தான் போடச் சொல்கின்றன.

சில டயர்களில் "வெளிப்பக்கம்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும், சிலவற்றில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருக்கும். பூட்டிய பிறகு நான்கு பக்கமும் சுற்றிவந்து பாருங்கள். காற்று அடைக்கும் வால்வு நெக்கையும் டயரோடு சேர்த்துப் புதிதாக்குங்கள், அது மலிவு. பேலன்சிங், அலைன்மென்ட் இரண்டும் செய்யாமல் கிளம்பக்கூடாது. நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் மட்டும் இறுக்கி அனுப்பவிடாமல், அளவு காட்டும் ஸ்பானரால் இறுக்கச் சொல்லுங்கள். முதல் முந்நூறு கிலோமீட்டர் அடக்கமாக ஓட்டுங்கள். அச்சிலிருந்து வந்த வழவழப்பு அதற்குள் தேய்ந்துவிடும்.

விலையைப் பற்றி ஒன்று. 2025 செப்டம்பர் 22 முதல் புது டயருக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. வரிக்கு முன் 6,000 ரூபாய் என்றால் முன்பு 1,680 ரூபாய் வரி, இப்போது 1,080. நான்கு டயருக்கு 2,400 ரூபாய் மிச்சம். ஒரு படி நல்ல டயருக்குப் போக இந்தப் பணம் கொஞ்சம் உதவும். பில்லில் வரி தனியாகத் தெரிகிறதா பாருங்கள்; டயரின் எண்களையும் எழுதி வாங்குங்கள், பின்னால் உத்தரவாதம் கேட்க அது வேண்டும்.

பழைய டயர் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது அழைத்துப்போனால் போகாதீர்கள். தேய்ந்த டயரில் கத்தியால் புதுக் கோடு வெட்டி விற்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. மேலே பள்ளம் ஆழமாகத் தெரியும். அடியில் நூலுக்கும் சாலைக்கும் நடுவே ரப்பர் இருக்காது. அரசுப் பேருந்துகள் மறுபட்டை டயரில் ஓடுகின்றனவே என்பார்கள். பேருந்து டயரின் உடல் மறுபட்டை போடுவதற்கென்றே கனமாகச் செய்யப்பட்டது. உங்கள் கார் டயர் அப்படி இல்லை.

எப்போது மாற்றுவது? சட்டம் 1.6 மில்லிமீட்டர் பட்டன் இருக்க வேண்டும் என்கிறது. பள்ளங்களுக்குள் குறுக்கே இருக்கும் சின்ன மேடு அதைக் காட்டும். புது டயரில் ஏறக்குறைய எட்டு மில்லிமீட்டர் இருக்கும். மழையில் ஓட்டுகிறவர் 1.6 வரை காத்திருக்கக் கூடாது. மூன்று மில்லிமீட்டருக்கு வந்ததும், அதுவும் புரட்டாசிக்கு முன்பே, மாற்றிவிடுங்கள். வயதைப் பொறுத்தவரை, தயாரிப்பாளர்கள் பலர் பத்து ஆண்டை மேல்வரம்பாகச் சொல்கிறார்கள். நம் வெயிலில் நான் ஆறுக்கு மேல் நம்பமாட்டேன்.

நாளைக் காலை வண்டியை எடுக்கும் முன் இரண்டு நிமிடம் குனிந்து நான்கு டயரின் தேதியையும் படித்துவிடுங்கள். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியின் தேதியையும் பாருங்கள். பெரும்பாலும் அதுதான் வண்டியிலேயே மூத்த டயராக இருக்கும்.